புதிய இரத்தக் குழாய்களைத் தடுக்கும் மருந்து

உடலில் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பது இயல்பான நிகழ்ச்சியே. கருவிலுள்ள சிசு வளர்வதற்கும் புண் ஆறுவதற்கும் இஃது இன்றியமையாதது. ஆனால் இதே நிகழ்ச்சி புற்றுநோய்க் கட்டிக்கும் துணைபுரிகிறது. பிராணவாயுவும் உணவுச் சத்தும் இரத்தத்தின் வழியே கிடைக்காவிடில், கட்டி சில மில்லிமீட்டர் அளவுக்கு மேல் பெருக இயலாது. ஆகவே குழாய்கள் முளைப்பதைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியையும் தடுக்கலாம் என்னும் கருத்தை, அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா போக்மன் 1971-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பிராணவாயு குன்றும்போது கட்டியின் உயிரணுக்கள் வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அருகிலுள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்களில் அதனை ஏற்கும் அமைப்புகள் உள்ளன. இவை 'ஏற்பிகள்' எனப்படும். ஏற்பியின் ஒரு பகுதி அணுவின் வெளியேயும் மற்றொரு பகுதி உள்ளேயும் அமைந்துள்ளது. வீட்டு வாயிலிலுள்ள மின்மணியை உவமையாகக் கூறி இதனை மாணவர்க்கு விளக்கலாம். வெளியே பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி ஒலிக்கிறது. அவ்வாறே புரதம் வெளிப்பகுதியில் பொருந்தியதும் உட்பகுதி இயங்கி, பெருகுமாறு அணுவுக்குச் செய்தி விடுக்கிறது. அணுக்கள் பெருகி, கட்டியை நோக்கிப் புதிய குழாய்களாக நீள்கின்றன.

இச்செய்தியைத் தடுக்கும் மருந்துகளுள் ஒன்று சோராபெனிப். இது ஏற்பியின் உட்பகுதியில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. பொத்தான் அழுத்தப்பட்டும் மணி ஒலிப்பதில்லை. முற்றிய கல்லீரல் புற்றுநோயாளர் 602 பேரிடம் நடத்தப்பெற்று 2008-இல் வெளியான ஆய்வில், இம்மருந்தை உண்டோர் உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 10.7 மாதம், வெற்று மாத்திரை உண்டோருக்கு அது 7.9 மாதம். நோய் அறவே நீங்குவதில்லை. ஆயுள் சற்று நீள்கிறது.

அவ்வளவு பயனும் இந்நாட்டு நோயாளருள் மிகச் சிலருக்கே எட்டியது. காப்புரிமை பெற்றிருந்த பேயர் நிறுவனம், ஒரு மாதத்துக்குரிய 120 மாத்திரைகளுக்குச் சுமார் 2,80,000 ரூபாய் விலை வைத்திருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனத்தின் விண்ணப்பத்தை விசாரித்த மும்பை காப்புரிமை அலுவலகம், 2012 மார்ச்சு 9-ஆம் நாளிட்ட ஆணையால் அதற்குக் கட்டாய உரிமம் வழங்கியது. காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் கட்டாய உரிமம் இதுவே. இதன்படி மாத விலை 8,880 ரூபாய்க்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. ஆண்டுதோறும் 600 ஏழை நோயாளருக்கேனும் மருந்தை இலவசமாக அளித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பேயர் நிறுவனத்துக்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமைத் தொகை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 7 சதவீதமாயிற்று. உரிமத்தை எதிர்த்த வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2014-இல் தள்ளுபடி செய்தது. அவ்வாண்டின் இறுதியில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டுவன சில உண்டு. ஏற்பிகள் நலமுள்ள திசுக்களிலும் இருப்பதால், இம்மருந்து அங்கும் தன் விளைவைக் காட்டும். இரத்த அழுத்தம் உயரலாம், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து கொப்புளிக்கலாம், வயிற்றுப்போக்கு நேரலாம், புண் ஆறுதல் தாமதமாகலாம். கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளலாகாது. இக்குறிகள் தோன்றின், நோயாளர் மாத்திரையைத் தாமே குறைக்கவோ நிறுத்தவோ செய்யாமல் உடனே மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்துதல் வேண்டும்.

இதனினும் முந்திய கடமை நோய் வாராது காத்தலாகும். கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகிய 'பி' வகைக் கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் ஊசி, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது.