ஐம்பத்து மூன்று மணி

"ஒரே ஜெபத்தை ஐம்பது தடவை சொன்னால்தான் உங்கள் மாதாவுக்குக் காது கேட்குமா?" என்று சி.எஸ்.ஐ. சபை நண்பர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் வைத்துக் கேட்டார். பாதி கிண்டல், பாதி நிஜமான சந்தேகம். ஜெபிக்கும்போது வீணாகப் பேச்சை வளர்க்காதீர்கள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்பது அவர் கட்சி. இதற்கு ஒரு டீ போதாது, இன்னொன்று சொல்லுங்கள் என்றேன்.

முதலில் கையில் இருக்கும் ஜெபமாலையைப் பார்ப்போம். சிலுவையைப் பிடித்து விசுவாசப் பிரமாணம். பெரிய மணி வந்தால் பரலோக மந்திரம், சின்ன மணிக்கு மங்கள வார்த்தை ஜெபம், அதாவது 'அருள் நிறைந்த மரியே'. தொடக்கத்தில் மூன்று சின்ன மணிகள், பிறகு பத்துப் பத்தாக ஐந்து தொகுதி. கூட்டினால் 53. அதனால்தான் பாட்டிமார் பலருக்கு இது இன்றும் 'ஐம்பத்து மூன்று மணி ஜெபம்'. ஆர அமரச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும்.

ஐம்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? சங்கீதங்கள் 150. ஐரோப்பிய மடங்களில் துறவிகள் அவற்றை முறைவைத்து ஓதினார்கள். எழுத்தறியாத சகோதரர்களும் ஊர் மக்களும் என்ன செய்வார்கள்? மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஜெபத்தை 150 முறை சொன்னார்கள், எண்ணிக்கை தவறாமல் இருக்க மணி கோத்துக்கொண்டார்கள். முதலில் பரலோக மந்திரம், பிறகு மங்கள வார்த்தை. புத்தகம் இல்லாதவர்களின் சங்கீதப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குதான் இந்த ஐம்பது. மாதா தோன்றிப் புனித தோமினிக்கிடம் ஜெபமாலையைக் கொடுத்ததாக ஒரு மரபு உண்டு. வரலாற்றைத் தேடினால் அது ஒரே நாளில் வந்ததாகத் தெரியவில்லை, சில நூற்றாண்டுகளில் மெல்ல வளர்ந்திருக்கிறது. 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அதன் வடிவத்தை உறுதிசெய்தார். இரண்டு வருடம் கழித்து லெப்பாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றியை ஜெபமாலையின் பேரில் எழுதினார்கள், அக்டோபர் 7 திருநாளானது. எனக்கு அந்தப் போர்க்கதையில் பெரிய ஈடுபாடில்லை. சாயங்காலத் திண்ணைக்கு உரிய ஜெபத்துக்குப் பீரங்கி எதற்கு?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மங்கள வார்த்தையின் முதல் பாதி முழுக்க லூக்கா முதலாம் அதிகாரம்தான். கபிரியேல் தூதர் சொன்ன வாழ்த்தும் எலிசபெத்து சொன்ன வாழ்த்தும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாம் பாதி மன்றாட்டு, அது பின்னால் சேர்ந்தது. இரண்டு பாதிக்கும் நடுவில் கதவின் கீல்போல இயேசுவின் பெயர் நிற்கிறது. அவசரத்தில் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு ஓடுகிறவர்கள் எங்களிலேயே நிறைய பேர் உண்டு.

ஆனால் முக்கியமான காரியம் வாயில் நடப்பதில்லை. ஒவ்வொரு பத்து மணிக்கும் ஒரு காட்சி உண்டு, அதைத்தான் தேவ இரகசியம் அல்லது மறையுண்மை என்கிறோம். திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்குரிய ஒளியின் மறையுண்மைகள் 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. யோர்தானில் ஞானஸ்நானம், கானாவூர் கல்யாணம் என்று வரும். அதற்கு முன் காணாமல் போன பன்னிரண்டு வயதுப் பையனைக் கோயிலில் கண்டுபிடித்ததிலிருந்து நேராகக் கெத்சமனித் தோட்டத்துக்குத் தாவிக்கொண்டிருந்தோம். இடையில் இருந்த ஊழியக் காலமே ஜெபமாலையில் இல்லாமல் இருந்தது.

கச்சேரியில் தம்புராவைக் கேட்பதற்கென்று யாரும் போவதில்லை. அது நின்றுபோனால் மட்டும் பாடகருக்குக் காலடியில் தரை இருக்காது. மங்கள வார்த்தை தம்புரா, பாட்டு அந்தக் காட்சி. வாய்க்கு ஒரு வேலை, விரலுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் மனசு கொஞ்ச நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிறது. யார் பக்கத்தில் உட்கார்ந்து? மரியாவின் பக்கத்தில். நடந்ததையெல்லாம் அவள் தன் மனசுக்குள் வைத்துச் சிந்தித்தாள் என்று லூக்கா ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை எழுதுகிறார். அவள் வைத்திருந்ததை நாமும் எட்டிப் பார்க்கிறோம். இந்தப் பார்வை இல்லாத ஜெபமாலை உயிரில்லாத உடல் என்று ஆறாம் பவுல் 1974-இல் எழுதினார். ஆக, வெறும் பிதற்றல் கூடாது என்பதில் நண்பரும் திருத்தந்தையும் ஒரே கட்சி.

திரும்பச் சொல்வதே தப்பு என்றால் 136-ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? 26 வசனத்திலும் ஒரே பல்லவி. கெத்சமனியில் இயேசுவும் மூன்றாம் முறையாக அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று அதே மத்தேயு எழுதுகிறாரே என்றேன். நண்பர் டீயை ஆற்றிக்கொண்டே, "சரி, உமக்குக் கவனம் நிற்கிறதா?" என்றார். அது சரியான இடத்தில் விழுந்த அடி. மூன்றாவது பத்தில் கரண்ட் பில், நாலாவதில் தூக்கம். லிசியே நகரத்துக் குழந்தை தெரசாளே, ஜெபமாலை சொல்வது தனக்கு ஒறுத்தல் கருவியை அணிவதைவிடக் கடினம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். புனிதைக்கே அப்படியென்றால் நமக்கென்ன வெட்கம்? மனசு ஓடிப்போனாலும் விரல் அடுத்த மணியில் நிற்கிறது, திரும்பி வந்தால் விட்ட இடம் தெரியும்.

மங்கள வார்த்தையின் கடைசி வரியில் இரண்டு நேரம் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று இப்போது, மற்றது மரண வேளை. ஒரு நாளைக்கு 53 தடவை அந்த இரண்டாவதையும் பெயர் சொல்லிக் கேட்டுவிடுகிறோம். எங்கள் வீடுகளில் இறந்தவரின் உடலைப் பெட்டியில் வைக்கும்போது விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிடுவார்கள். அன்றைக்கு அவரால் மணி உருட்ட முடியாது. சுற்றிப் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் அவருக்காக உருட்டுவார்கள்.