மதிப்பெண் ஏறியது, சோகை இறங்கவில்லை

நீடித்த வளர்ச்சி இலக்குகளில் எந்த மாநிலம் எங்கே நிற்கிறது என்று காட்டும் குறியீட்டை 2024 ஜூலையில் நிதி ஆயோக் வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 78. முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட கேரளத்துக்கும் உத்தராகண்டுக்கும் 79. நாட்டின் மதிப்பெண் 71. 2018-ல் வந்த முதல் குறியீட்டில் தமிழ்நாடு 66, இந்தியா 57. ஆறே ஆண்டுகளில் இது நல்ல ஏற்றம்தான்.

இன்னோர் அரசுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நான்காம் சுற்றில் அது 55. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 50.7-லிருந்து 57.4 சதவீதமாகக் கூடியிருந்தது. நாடு முழுவதற்கும் பார்த்தால், பெண்களிடம் 53.1-லிருந்து 57 ஆகவும் குழந்தைகளிடம் 58.6-லிருந்து 67.1 ஆகவும் ஏறியிருந்தது.

இரண்டும் அரசின் எண்கள். இரண்டும் முறைப்படி கணக்கிடப்பட்டவை. முதலாவது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வருகிறது. இரண்டாவது, ஒரு தாயின் களைப்பிலும் ஒரு குழந்தையின் மந்தத்திலும் இருக்கிறது. நாட்டின் முன்னேற்றத்தை அறிய விரும்புகிறவர் தரவரிசையோடு நின்றுவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் யார், யாரிடம், எப்போது எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

மதிப்பெண் பிறக்கும் விதம்

2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் சேர்ந்து 17 பெரிய இலக்குகளையும் அவற்றுக்குள் 169 சிறு இலக்குகளையும் ஏற்றன. முடிக்க வேண்டிய ஆண்டு 2030. இவற்றை அளக்க உலக அளவில் இருநூறுக்கும் மேற்பட்ட குறிகாட்டிகள் உண்டு. இந்தியாவுக்கென மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தனிச் சட்டகம் ஒன்றை வகுத்தது. அதிலிருந்து மாநிலவாரியாகத் தரவு கிடைக்கக்கூடியவற்றை முதன்மையாக எடுத்துத்தான் நிதி ஆயோக் தன் குறியீட்டைக் கட்டுகிறது.

ஒவ்வொரு குறிகாட்டியும் 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றப்படுகிறது. பிறகு ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு சராசரி, எல்லா இலக்குகளுக்கும் சேர்த்து இன்னொரு சராசரி. கடலோர மாநிலங்களுக்கு மட்டுமே பொருந்தும் 14ஆம் இலக்கு மொத்தக் கணக்கில் சேர்வதில்லை. 17ஆம் இலக்குக்கு மதிப்பெண் இல்லை.

சராசரியின் இயல்பே மேட்டையும் பள்ளத்தையும் சமமாக்குவதுதான். நாட்டின் மொத்த மதிப்பெண் 71 ஆக இருந்த அதே அறிக்கையில் பாலினச் சமத்துவத்துக்கு 49, பசி ஒழிப்புக்கு 52. கர்ப்பிணிகளின் சோகையும் அந்தப் பசி இலக்குக்குள்தான் அடங்குகிறது. ஆனால் மின் இணைப்பும் குடிநீர்க் குழாயும் கொண்டுவரும் உயர்ந்த மதிப்பெண்களோடு கூட்டி வகுக்கும்போது அந்தச் சோகை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

குறிகாட்டிகளின் எண்ணிக்கையும் நிலையாக இல்லை. 2018-ல் 62, அடுத்ததில் 100, பிறகு 115, 2023–24-ல் 113. பாடத்திட்டம் மாறிய தேர்வுகளின் மதிப்பெண்களை அப்படியே ஒப்பிட முடியாது. 57-லிருந்து 71-க்கு வந்த பயணத்தில் வாழ்க்கை மேம்பட்டதன் பங்கும் உண்டு, அளவை மாறியதன் பங்கும் உண்டு.

இணைப்பும் அடுப்பும்

தூய எரிசக்திக்கான ஏழாம் இலக்கில் 2020–21 குறியீடு நாட்டுக்கு 92 மதிப்பெண் கொடுத்தது. அதை முடிவு செய்தவை இரண்டே குறிகாட்டிகள்: மின் இணைப்பு பெற்ற வீடுகள், மொத்த வீடுகளுக்கு எத்தனை காஸ் இணைப்புகள் என்ற விகிதம். ஏறத்தாழ அதே காலத்தில் குடும்ப நலக் கணக்கெடுப்பு வீடுவீடாகப் போய், எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள் என்று கேட்டது. தூய எரிபொருளில் சமைத்த வீடுகள் 58.6 சதவீதம்.

இந்த இடைவெளியில் கோடிக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. இணைப்பு கிடைத்தும் அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாமல் விறகுக்கும் வறட்டிக்கும் திரும்பிய பெண்கள் அவற்றில் உண்டு. அலுவலகப் பதிவேடு, கொடுத்ததைச் சொல்கிறது. வீட்டுக் கணக்கெடுப்பு, பயன்பட்டதைச் சொல்கிறது. ஒரு நாட்டுக்கு இரண்டும் தேவை. ஆனால் முன்னேற்றம் என்ற பெயர் இரண்டாவதற்கே பொருந்தும்.

கழிப்பறைக் கணக்கிலும் இதுவே நடந்தது. 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளிக் கழிப்பிடம் அற்றதாக அறிவிக்கப்பட்டது. 2019–21 கணக்கெடுப்போ, நாட்டின் 19 சதவீத வீடுகளில் எந்தக் கழிப்பறையும் பயன்பாட்டில் இல்லை என்று கண்டது. கட்டப்பட்ட கழிப்பறைகள் உண்மை. விடுபட்ட வீடுகளும் உண்மை. வெளியே போய்க் கேட்டதால்தான் அந்த வீடுகள் நமக்குத் தெரிந்தன.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால்

நம்பத்தகுந்த எண் எப்படி உருவாகிறது என்பதற்கு நம்மிடமே சிறந்த உதாரணம் இருக்கிறது. பிறப்பு, இறப்பு விகிதங்களைத் தரும் மாதிரிப் பதிவு முறை 1969–70 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. தேர்ந்தெடுத்த கிராமத்திலோ நகரப் பகுதியிலோ உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ, அங்கே நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து குறித்துவைக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து, அந்தக் குறிப்பைச் சாராமல், தானே வீடுவீடாக விசாரிக்கிறார். பிறகு இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாதவற்றை மறுபடி நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள்.

ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற இந்த எளிய சிந்தனைக்குக் கணித வடிவம் தந்தவர்களில் ஒருவர் இந்திய மக்கள்தொகை அறிஞர் சி.சந்திரசேகரன். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்குடன் சேர்ந்து 1949-ல் அவர் எழுதிய கட்டுரை, வங்கத்தின் சிங்கூர் பகுதிப் பதிவுகளை வைத்து, பதிவாகாமல் போன பிறப்பு இறப்புகளை மதிப்பிடும் வழியைக் காட்டியது.

இந்த முறையிலிருந்துதான் மகப்பேறு மரணக் கணக்கு வருகிறது. லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2014–16-ல் 130 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-ல் அது 97. உலக இலக்கு 70-க்குக் கீழ். அப்போதே தமிழ்நாடு 54-லும் கேரளம் 19-லும் இருந்தன. மகப்பேற்றில் இறக்கும் ஒவ்வொரு தாயைப் பற்றியும், எங்கே தாமதம், எது கிடைக்கவில்லை என்று விசாரித்துத் திருத்தும் தணிக்கையைத் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை முன்னோடியாக நடத்திவந்தது. எண்ணியது அங்கே செயலானது. அப்படிக் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்கு அந்தக் குறிப்பேடுகளும் ஒரு காரணம்.

வராத எண்கள்

இத்தகைய மரபுள்ள நாட்டில் அண்மைக்காலத்தில் நடந்தவை கவலை தருகின்றன. 2017–18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடுவதில்லை என 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. 2011–12-க்குப் பிறகு, 2022–23 கணக்கெடுப்பு வரும்வரை, வறுமையை அளக்க அடிப்படையான செலவு விவரம் நம்மிடம் இருக்கவில்லை. வேலையின்மை அறிக்கை வெளிவராமல் நின்றபோது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பி.சி.மோகனனும் ஜே.வி.மீனாட்சியும் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து மே 31 அன்று வந்த அந்த அறிக்கையில் வேலையின்மை 6.1 சதவீதம்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பான சுமார் 81.35 கோடி பேர் என்பது 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. மக்கள்தொகை வளர்ந்தது, வரம்பு வளரவில்லை. கணக்கெடுப்பு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் ரேஷன் அட்டைக்குத் தகுதியிருந்தும் வெளியே நிற்கும் குடும்பங்கள் கூடுகின்றன.

சோகைக்கு வருவோம். குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஆறாம் சுற்றிலிருந்து ரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டது. விரல் நுனியில் எடுக்கும் ரத்தத்தைவிட சிரையில் எடுக்கும் ரத்தம் துல்லியமானது, அதற்கெனத் தனி ஆய்வு நடக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அறிவியல்படி அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய முறையை நிறுத்துவதற்கு முன், ஒரு சுற்றிலாவது இரண்டு முறைகளையும் ஒரே வீடுகளில் செய்து பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்க வழி இருக்கும். அது இல்லாவிட்டால், நாளை ஒரு குறைந்த எண் வரும்போது சோகை குறைந்ததா, ஊசி மாறியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எண்ணப்படாத உழைப்பு

புதிதாக எண்ணத் தொடங்கியதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 1998–99-ல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2019-ல்தான் முதல்முறையாக நாடு முழுவதும் நடந்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த இந்த உண்மை, எண்ணாக வந்த பிறகே திட்டமிடுவோரின் மேசைக்கு வந்தது. பாலினச் சமத்துவத்தில் நாம் 49-லேயே நிற்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களும் உதவும்.

கேட்க வேண்டியவை

சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-லேயே சட்டத்தின் வலுவுள்ள, நிரந்தரமான புள்ளியியல் ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமைந்ததோ அரசுத் தீர்மானத்தால் உருவான ஆணையம். அதற்குச் சட்ட வலு வேண்டும். எந்தக் கணக்கெடுப்பின் முடிவும் முன்கூட்டி அறிவித்த தேதியில், யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், வெளிவர வேண்டும். மாநில மதிப்பெண்ணோடு மாவட்டம், சாதி, பாலினம், வருமானம் வாரியான விவரமும் சேர்ந்து வர வேண்டும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் 193 நாடுகளும் கொடுத்த வாக்கு. விடுபட்டவர் யார் என்று தெரியாமல் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

இதில் வாசகர்களின் பங்கும் உண்டு. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது நேரம் ஒதுக்கி உண்மையைச் சொல்வது ஒன்று. அடுத்த தரவரிசை வரும்போது, நம் மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்குச் சோகை, எத்தனை குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமில்லை என்று சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆட்சியரிடமும் கேட்பது இன்னொன்று.

இலக்கை எட்டினோமா என்று 2030-ல் சொல்லப்போகும் எண்கள் அந்த ஆண்டில் திடீரென்று உருவாகிவிடாது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளிலிருந்துதான் அவை வரும். இப்போது கேட்காமல் விட்ட கேள்விக்கு அப்போது விடை இருக்காது.