கைத்தறியும் கணினியும் – 11: பக்கத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், சேவூர் போன்ற ஊர்களிலும் பட்டுத்தறி இன்றும் ஓடுகிறது. ஆனால் ‘ஆரணிப் பட்டு’ என்று இணையத்தில் தேடுகிறவருக்குக் கிடைப்பது என்ன? ஒரு படம், ஒரு பெயர், ஒரு விலை. பக்கத்திலேயே அதே பெயரில், அதே பளபளப்பில், பாதி விலையில் இன்னொரு சேலை. அது விசைத்தறியில் ஓடியதா, அதில் இருப்பது பட்டா செயற்கை இழையா என்பதைப் படம் சொல்லாது. சேலையைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1993-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லி நெசவாளர்கள் குரல் கொடுத்தபடிதான் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் போலி பெருகியதற்குச் சட்டத்துக்கு வெளியே இன்னொரு காரணமும் உண்டு. அசலை விற்கும் தரப்பு, தன் சேலையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை இணையத்தில் சொல்வதே இல்லை. விவரம் தெரிந்தவரையும் இணையப் பக்கத்தையும் நாம் வாங்கி வைத்திருக்கும் மென்பொருள் பிரித்து வைத்திருக்கிறது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

இணையம் வந்த புதிதில் ஒவ்வொரு பக்கத்தையும் நிரலாளர் ஒருவர் கையால் எழுதினார். விலை மாறினாலும் தொலைபேசி எண் மாறினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வைத்திருந்த நிறுவனங்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை. 1990-களின் பிற்பாதியில் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் எழுந்தது இப்படித்தான். பக்கத்தின் அமைப்பை நிரலாளர் ஒருமுறை செய்து கொடுத்துவிடுவார். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தந்தத் துறையில் வேலை பார்ப்பவரே அன்றாடம் எழுதித் திருத்திக்கொள்வார். 2001-ல் ட்ரூபலும் 2003-ல் வேர்ட்பிரஸும் இந்த வசதியை இலவசமாகவே எல்லோருக்கும் கொண்டுவந்தன. அடோபி எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர், சைட்கோர் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கானவை. யார் எழுதலாம், யார் ஒப்புதல் தர வேண்டும், எது எப்போது வெளியாகும், முந்தைய வடிவம் எது, அதை மாற்றியவர் யார் என்பதையெல்லாம் இவை கணக்கு வைக்கின்றன. ஒரே தகவலைப் பல தளங்களுக்கும் பல மொழிகளுக்கும் கொடுக்கின்றன. விற்பனையாளர்கள் கண்ணைக் கவரும் முகப்புப் பக்கங்களைக் காட்டி இவற்றை விற்றாலும், இவற்றின் உயிர் இந்த உரிமைப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்குக்கு வருவோம். உறுப்பினருக்குப் பட்டு நூலும் சரிகையும் எடைபோட்டுத் தரப்படுகின்றன. நெய்து முடிந்த சேலை திரும்பி வரும்போது அதையும் எடை போடுகிறார்கள், நீள அகலம் பார்க்கிறார்கள், கரையும் முந்தியும் சரியாக விழுந்திருக்கிறதா என்று விரித்துப் பார்க்கிறார்கள், குறை இருந்தால் குறிக்கிறார்கள், ரகத்துக்கேற்பக் கூலி போடுகிறார்கள். ஆக ஒரு சேலையில் எவ்வளவு பட்டு, எவ்வளவு சரிகை, அது அசல் சரிகையா ‘ஆஃப் ஃபைன்’ எனப்படும் மலிவுச் சரிகையா, பாவு என்ன, ஊடை என்ன, எந்தத் தறி, யார் நெய்தது, கூலி எவ்வளவு என்பதெல்லாம் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்தச் சேலை இணையத்துக்குப் போகும்போது இவ்வளவும் உதிர்ந்து, ‘ஆரணி பட்டுச்சேலை, மாம்பழ மஞ்சள்’ என்று ஒரு வரி மட்டும் மிஞ்சுகிறது. விலையின் நியாயத்தைச் சொல்லும் விவரம் எல்லாம் போய், விலை மட்டும் தனியே நிற்கிறது. வாங்குகிறவர் எதை வைத்து ஒப்பிடுவார்? கோ-ஆப்டெக்ஸ் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரையும் படத்தையும் அட்டையில் போட்டுக் கட்டியபோது கிடைத்த வரவேற்பை நினைத்துப் பார்க்கலாம். அட்டையில் செய்ய முடிந்ததைத் திரையில் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் அதற்கு மென்பொருள் வேறு விதமாக அமைய வேண்டும். பெரும்பாலான தளங்களில் சேலைக்கு ‘விவரம்’ என்று ஒரே ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் யாரும் எதையும் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாகப் பதிவேட்டில் இருப்பதைப் போலவே எடை, சரிகை வகை, பாவு, ஊடை, தறி, நெய்தவர் என்று தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். தனிக் கட்டமாக இருந்தால்தான் ‘அசல் சரிகை, எடை குறைவு’ என்று ஒருவர் தேடிப் பிரிக்க முடியும். அதே பதிவிலிருந்து விற்பனைத் தளத்தின் பக்கமும், கண்காட்சிக்கான அட்டையும், க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் தகவலும் தாமாகப் பிறக்கும். தங்கம், வெள்ளி விலை ஏறினால் சரிகை விலை ஏறும், சேலை விலையும் மாறும். ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்த வேண்டும். இல்லையென்றால் கடையில் ஒரு விலை, தளத்தில் ஒரு விலை, அட்டையில் ஒரு விலை என்றாகிவிடும். வாடிக்கையாளர் அதை ஏமாற்று என்றே எடுத்துக்கொள்வார்.

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கசப்பான பாடம் உண்டு. அரசு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. பழக்கம் அத்தனை சீக்கிரம் போய்விடவில்லை. பழைய எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, அல்லது அச்சிட்டு ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றுவது தொடர்ந்தது. அப்படி ஏற்றிய விலைப்பட்டியலில் ‘ஆரணி’ என்று நூறு முறை இருந்தாலும் தேடுபொறிக்கு அது ஒருமுறைகூடத் தெரியாது. பார்வையற்றவரின் கணினி அதைப் படித்துக் காட்டாது. பக்கம் இருக்கிறது, தகவல் இல்லை. சங்க எழுத்தர் தமிழில் நேரடியாக அடிக்கக்கூடிய கட்டத்தை நிரலாளர் அமைத்துத் தராத வரை இந்தக் குறுக்குவழி ஓயாது. இதற்கு எழுத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘இதெல்லாம் அரசுக்குச் சாத்தியமா?’ என்று கேட்பவர்களுக்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய எஸ்3வாஸ் என்னும் மேடையில் நாடெங்கும் மாவட்ட இணையதளங்கள் இயங்குகின்றன. மாவட்ட அலுவலகத்தில் இருப்பவரே அறிவிப்பை ஏற்றலாம். நிரல் தெரிய வேண்டியதில்லை. 2009-ல் வந்த மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகள், உள்ளடக்கம் தருபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் அளிப்பவர் யார் என்று ஒவ்வொரு துறையும் கொள்கையாகவே வகுக்க வேண்டும் என்கின்றன. எனவே முறையும் இருக்கிறது, மேடையும் இருக்கிறது. மாவட்டத்தோடு நின்றுவிட்ட உரிமை சங்கத்தின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது, இந்தக் கனமான மென்பொருள் எதற்கு என்பது. விற்பனைக்கு அவை உதவுகின்றன, அதை மறுக்க மாட்டேன். தனி வியாபாரிக்கு அதுவே போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்ட படம் நாளைக்கு மேலே போய்விடும். நேற்று சொன்ன விலைக்கும் தரத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. இன்ஸ்டாகிராமில் ஆரணி என்று எழுத யாருக்கும் அனுமதி தேவையில்லை. புவிசார் குறியீடு பெற்ற ஊருக்கு வேண்டியது நிலையான, திருத்த வரலாறு உள்ள, பொறுப்பாளர் பெயர் உள்ள பதிவு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு அந்தப் பதிவுக்குப் போகட்டுமே.

ஒவ்வொரு சங்கமும் எழுதத் தொடங்கினால் தவறும் பொய்யும் நுழையும் என்று தலைமையகம் அஞ்சலாம். ஆஃப் ஃபைனை அசல் என்று ஒருவர் பதிந்துவிட்டால்? இந்த அச்சத்துக்காகவே ஒப்புதல் அடுக்கு இருக்கிறது. எழுத்தர் பதிவார், மேலாளர் சரிபார்த்து வெளியிடுவார். யார் எந்த நேரத்தில் எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். மேலே சரிபார்க்கலாம், மேலிருந்துதான் எழுத வேண்டும் என்பதில்லை. பொய் எழுதினால் பிடிபடும் என்ற நிலை, யாருமே எதையும் எழுதாத இன்றைய நிலையைவிட மேல்.

டிசைன் திருட்டு பற்றிய கவலை இதைவிட உண்மையானது. புதிய கரையைத் தளத்தில் போட்ட சில நாளிலேயே அதை விசைத்தறியில் ஓட்டிவிட முடியும். இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைச் சங்கங்கள் அறிந்திருக்க வேண்டும்: 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியாகிவிட்ட டிசைனைப் பதிவுசெய்ய முடியாது. பதிவுசெய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிப்பு. அவசரத்தில் ஒரு படத்தை ஏற்றினால் அந்த உரிமையே போய்விடலாம். விண்ணப்பம் போகும் வரை பதிவை வரைவாகவே நிறுத்தி வைத்து, குறித்த தேதியில் வெளியிடும் வசதி நல்ல உள்ளடக்க மென்பொருள் எல்லாவற்றிலும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் அது கிடையாது.

செலவு பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருள் சங்கங்களுக்குத் தேவையே இல்லை. மத்திய அரசின் திறந்த தரவுத் தளமே ட்ரூபலில் கட்டப்பட்டதுதான். பணம் போக வேண்டிய இடம் கட்டங்களைச் சரியாக வடிவமைப்பதும், எழுத்தருக்குப் பயிற்சி தருவதும். நம்முடைய ஒப்பந்தப்புள்ளிகள் முகப்புப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. யார் திருத்துவார் என்று கேட்பதில்லை.

ஆகவே கைத்தறித் துறைக்கும் கோ-ஆப்டெக்ஸுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இணையதளத்துக்கு ஒப்பந்தம் போடும்போது இந்த ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: ஆரணியில் ஒரு சங்க எழுத்தர், யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு சேலையைத் தமிழில் பதிந்து, விலையைத் திருத்தி, மேலாளரின் ஒப்புதலோடு அதே நாளில் வெளியிட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகே நிறுவனத்துக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.