என்ஜின் மாற்றிய அம்பாசிடருக்கு எந்த ஆல்ட்டர்னேட்டர்?

கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையார் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் கார் செய்வதை நிறுத்திவிட்ட பின்னரும், திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியே பாபநாசம் வரையில் தாமிரபரணிக் கரையோர ஊர்களில், அந்த வண்டியைக் கைவிட மனமில்லாமல் பேணி வருகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் தேய்ந்து ஓய்ந்தால், டீசல் என்ஜினையோ, அதே கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் புகுத்திய இசுசு பெட்ரோல் என்ஜினையோ இறக்கி வைப்பது அவர்கள் கையாளும் மார்க்கம். என்ஜினைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் செலுத்தும் சிரத்தையில் பாதியேனும் அதன் பக்கத்தில் சுழலும் ஆல்ட்டர்னேட்டரிடம் செலுத்தினால், மழைக்கால இரவில் வண்டியைத் தள்ளும் அவஸ்தை பலருக்கு நேராது.

அக்காலத்து அம்பாசிடரில் இருந்தது டைனமோ. அதில் மின்சாரம் உற்பத்தியாவது சுழலும் ஆர்மேச்சரில். உற்பத்தியான அவ்வளவையும் கார்பன் பிரஷ்களே வெளியே கொண்டுவர வேண்டியிருப்பதால், சுமார் 22 ஆம்பியருக்கு மேல் அது தருவதில்லை. என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தருவதில்லை. ஆல்ட்டர்னேட்டரிலோ காந்தம் சுழல்கிறது. மின்சாரம் பிறக்கும் கம்பிச் சுருள்கள் அசையாமல் சுற்றிலும் நிற்கின்றன. 1944 முதல் தாமிரபரணி நீரால் இயங்கிவரும் பாபநாசம் மின்நிலையத்திலும் தத்துவம் இதுவேதான். அங்கே சக்கரத்தைச் சுழற்றுவது அருவி நீர், இங்கே ஒரு ரப்பர் பெல்ட். இரண்டிலும் பிறப்பது மாறுதிசை மின்சாரமாதலால், காரின் பேட்டரி ஏற்கும் வண்ணம் அதை நேர்திசையாக்கும் பொறுப்பை டயோடுகள் ஏற்கின்றன.

எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதை நிர்ணயிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். ஹெட்லைட் இரண்டுக்கும் 10, இக்னிஷன் காயிலுக்கு 4, பின்விளக்கு முதலியவற்றுக்கு 3, வைப்பருக்கு 4, ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்திருந்தால் 12 என்று கூட்டினால் 33 ஆகிறது. டீசலானால் காயில் கணக்கு கழியும், ஏ.சி. வைத்தால் இன்னும் இருபதாவது ஏறும். கூட்டுத்தொகை ஆல்ட்டர்னேட்டரின் அளவில் முக்கால் பங்குக்குள் அடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆகவே ஏ.சி. இல்லாத வண்டிக்கு 45 அல்லது 55, உள்ள வண்டிக்கு 75 என்று கொள்ளலாம்.

ஆனால் கடைக்காரர் காட்டும் அந்த எண்ணை மட்டும் நம்பிவிடலாகாது. அது ஆல்ட்டர்னேட்டர் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுழலும்போது தருவது. ஐப்பசி அடைமழையில், அந்தி நேரத்தில், வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தின்மேல் ஊர்ந்து ஊர்ந்து சந்திப்பை நோக்கிச் செல்லும் காரில், விளக்கும் வைப்பரும் விசிறியும் ஒருங்கே வேலை செய்ய, என்ஜினோ 700 சுற்றிலேயே முனகிக்கொண்டிருக்கும். கிராங்க் புல்லி 130 மில்லிமீட்டரும் ஆல்ட்டர்னேட்டர் புல்லி 65 மில்லிமீட்டரும் ஆனால், ஆல்ட்டர்னேட்டருக்குக் கிட்டுவது 1400 சுற்று. பல ஆல்ட்டர்னேட்டர்கள் அப்போதுதான் கண் விழிக்கத் தொடங்குகின்றன. புல்லியை 52 மில்லிமீட்டராகக் குறைத்தால் 1750 ஆகிறது. டீசல் என்ஜின் 4000 சுற்றைத் தொட்டாலும் 10,000-த்துக்கு மேல் போகாது. அதை நல்ல ஆல்ட்டர்னேட்டர் தாங்கும். வேகமாகச் சுழலும் பெட்ரோல் என்ஜினுக்குப் பொருந்தியிருந்த புல்லியை அப்படியே டீசலில் மாட்டிவிடுவதே, பேட்டரி இறங்கிப் போவதற்குப் பிரதான காரணம் என்று நான் கருதுகிறேன்.

டீசலில் வேறொரு விசேஷமும் உண்டு. பெட்ரோல் என்ஜினின் மேனிஃபோல்டில் உண்டாகும் வாக்குவம் அதில் கிடையாது. ஆதலால் பூஸ்டர் பிரேக்குக்கு வேண்டிய வாக்குவத்தைத் தரும் பம்பைப் பல டீசல் வண்டிகளில் ஆல்ட்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இணைத்து, என்ஜின் ஆயிலை அதற்குள் செலுத்துகிறார்கள். விலை மலிவென்று பம்பில்லாத ஒன்றை மாட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகும், பூஸ்டர் வேலை செய்யாது. பிரேக்கை இரு மடங்கு அழுத்தி மிதித்து மாஞ்சோலை மலைப்பாதையில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

இந்தத் தொழிலில் நெல்லைச் சீமைக்கு ஓர் உறவு உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது, களக்காட்டுக்குத் தெற்கேயுள்ள திருக்குறுங்குடியில். அந்நிறுவனம் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு கூடிச் சென்னைப் பாடியில் அமைத்த ஆலையின் ஆல்ட்டர்னேட்டர்களுக்குப் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் எல்லாம் சிற்றூர்ப் பட்டறையிலும் அகப்படும். பழைய வண்டிக்காரர் அயல்நாட்டு அபூர்வச் சரக்கைத் தேடி அலைவதைவிட இந்த சௌகரியத்தைப் பெரிதாக மதிக்க வேண்டும்.

வயரிங்கில் ஜாக்கிரதை தேவை. பிளஸ் எர்த்தாக அமைந்த மிகப் பழைய வண்டியானால், அதை மைனஸ் எர்த்தாக மாற்றாமல் இணைத்த கணமே டயோடுகள் எரிந்துவிடும். டைனமோவின் கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. டாஷ்போர்டு அம்மீட்டரின் வழியாக எல்லா மின்சாரத்தையும் அனுப்பாமல், 10 சதுர மில்லிமீட்டர் கேபிளைத் தக்க ஃபியூஸோடு நேரே பேட்டரிக்கு இழுக்க வேண்டும். சார்ஜ் விளக்கின் சிறு பல்பை அலட்சியம் செய்யலாகாது. காந்தத்துக்கு முதல் உயிர் ஊட்டும் மின்சாரம் அதன் வழியாகவே செல்கிறது. என்ஜின் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்வதும் அவசியம்.

எல்லாம் முடிந்தபின் பட்டறையை விட்டுக் கிளம்புமுன், ஐட்லிங்கில் எல்லா விளக்குகளையும் விசிறியையும் போட்டு, பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றால் பணத்தைக் கொடுத்துவிடலாம். 13-க்குக் கீழே இறங்கினால் பெல்ட்டின் இறுக்கத்தையும் புல்லியின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டரை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.