பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் வாரண்டி: வாங்கலாமா, வேண்டாமா?



"அண்ணாச்சி, வண்டி ஐம்பத்திரெண்டாயிரம். மேல ஒரு நாலாயிரம் போட்டீங்கன்னா ஒரு வருஷம் வாரண்டி. இன்ஜின்ல என்ன வந்தாலும் நாங்க பாத்துக்கிடுதோம்."

சென்ற ஆண்டு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போன என்னிடம் வண்டி விற்பவர் சொன்ன வார்த்தைகள் இவை. நான் புளியங்குடியில் பலசரக்குக் கடை நடத்துபவன். காலையில் காய்கறி எடுத்து வரவும், மாலையில் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கவும் வண்டி இல்லாமல் முடியாது. நாலாயிரத்தைக் கொடுத்து, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏழாவது மாதம் வண்டி நீலப்புகை கக்கியது. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்றார் மெக்கானிக். ரசீதோடு போய் நின்றேன். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த இரண்டு வரிகளை எனக்குக் காட்டினார்கள். வணிக உபயோகத்துக்கு ஓட்டினால் வாரண்டி செல்லாது என்பது ஒன்று. அவர்கள் குறிப்பிட்ட ஒர்க்ஷாப்பில் மட்டுமே சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நான் ஆயில் மாற்றியது தெருமுனை மெக்கானிக்கிடம். வண்டியின் பின்னால் அரிசி மூட்டை கட்டுவதற்காகப் பொருத்திய கேரியரே வணிக உபயோகத்துக்குச் சாட்சியாகிவிட்டது. வாரண்டிக்குக் கொடுத்த நாலாயிரமும் போயிற்று, இன்ஜின் வேலைக்கு ஒன்பதாயிரமும் போயிற்று.

சரக்குப் பில்லில் ஒரு ரூபாய் கூடினாலும் கண்டுபிடிக்கும் நாம், இந்தத் தாளை மட்டும் படிக்காமல் வாங்கிவிடுகிறோம். நான் பட்ட நஷ்டம் மற்றவர்களுக்கும் வர வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

எலுமிச்சை சொல்லும் பாடம்

நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது எலுமிச்சை. ஆனால் அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய பிறகு கழுத்தை அறுக்கும் பழைய காருக்குத்தான் 'எலுமிச்சை' என்று பெயர்! 1970-ஆம் ஆண்டு ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இந்த 'எலுமிச்சைச் சந்தை' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இத்துறையில் செய்த ஆய்வுக்காக 2001-இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

அவர் சொன்னது நமக்குத் தெரிந்த விஷயம்தான். பழைய வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் நடுத்தரமான ஒரு விலையே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கட்டாது என்று விலகிக்கொள்வான். கடைசியில் சந்தையில் சொத்தையே மிஞ்சும். எலுமிச்சை மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்க்கலாம். இன்ஜினை அப்படிக் கொட்டிப் பார்க்க முடியாது.

இதற்கு அவர் காட்டிய மாற்று வழிகளில் ஒன்று உத்தரவாதம். குறை வந்தால் செலவு என்னுடையது என்று விற்பவன் சொன்னால், அவன் சொல்லுக்கு எடை உண்டு. சொத்தை வண்டிக்கு அப்படிச் சொல்ல அவனுக்குத் துணிவு வராது.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி விலைக்குள்ளேயே விற்பவன் தருகிற உத்தரவாதம், அந்த வண்டியைப் பற்றி அவன் சொல்லும் சாட்சி. தனியாகப் பணம் வாங்கி அவன் விற்கிற வாரண்டியோ இன்னொரு சரக்கு. அந்தச் சரக்கிலும் அவனுக்கு லாபம் உண்டு. அதை வாங்குவதால் வண்டி நல்லது என்று ஆகிவிடாது. எனவே, "தனி வாரண்டி வேண்டாம். இன்ஜினுக்கு மூன்று மாதம் நீங்களே பொறுப்பு என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தே வண்டியின் நிலை பாதி தெரிந்துவிடும்.

பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவோம்

வாரண்டி விலை 4,000 ரூபாய் என்றும், இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க 10,000 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் வாரண்டி வாங்கினால் வசூல் 40,000. பத்தில் நாலு வண்டிக்கு அந்த ஓராண்டுக்குள் இன்ஜின் வேலை வந்தால்தான் கொடுத்ததும் வாங்கியதும் சரிக்குச் சரி. நீங்கள் பார்த்த வண்டிக்குப் பத்தில் நாலு வாய்ப்பு உண்டு என்று தோன்றினால், அந்த வண்டியையே ஏன் வாங்க வேண்டும்?

என் வண்டிக்கு வேலை வந்ததே என்று கேட்கலாம். வேலை வந்தது உண்மை, பணம் வராததும் உண்மை. வாய்ப்புக் கணக்கோடு நிபந்தனைக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்றாடம் செலவு வைப்பவை எவை என்றும் பாருங்கள். டயர், பிரேக் ஷூ, செயின் ஸ்பிராக்கெட், கிளட்ச் பிளேட், பேட்டரி, கேபிள், பல்பு, ஆயில் ஆகியவைதாம். 'தேய்மானப் பொருள்கள்' என்று சொல்லி இவற்றில் பெரும்பாலானவற்றை வாரண்டியில் ஒதுக்கிவிடுவார்கள். வாரண்டி ஒர்க்ஷாப் வெளியூரில் இருந்தால், போய்வரும் பெட்ரோலையும் கடை பூட்டிய ஒரு நாள் வியாபாரத்தையும் செலவில் சேருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மால் தாங்க முடியாத நஷ்டத்துக்குத்தான் காப்பு தேவை. கடையில் தீப்பிடித்தால் குடும்பமே எழ முடியாது. அதற்கு இன்சூரன்ஸ் அவசியம். வண்டி இன்ஜின் பழுதானால் ஒரு மாதம் கை கடிக்கும், அவ்வளவுதான். கடைக்குத் தீ இன்சூரன்ஸ் போடாமல் பழைய பைக்குக்கு வாரண்டி வாங்குவது, கதவைத் திறந்து போட்டுவிட்டு ஜன்னலுக்குப் பூட்டு வாங்குவது போலத்தான்.

எப்போது வாங்கலாம்?

எல்லா வாரண்டியும் வீண் என்று நான் சொல்லவில்லை. வண்டி தயாரிக்கும் கம்பெனியே தரும் நீட்டிப்பு வாரண்டி வேறு வகை. எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனம் 2023-இல் அறிவித்த திட்டத்தில், வண்டி வாங்கிய 91-ஆம் நாள் முதல் ஒன்பதாம் ஆண்டு வரை சேரலாம், பத்தாண்டு வரை காப்பு உண்டு, வண்டி கை மாறினால் புதிய உரிமையாளருக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. இத்தகைய திட்டங்களில் விலையும் நிபந்தனையும் மாறக்கூடும். ஷோரூமில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

1-4-2020 முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறையில் ஓடுபவை. இவற்றில் சென்சாரும் கண்ட்ரோல் யூனிட்டும் பழுதானால் தெருமுனையில் சரிசெய்வது கடினம். இந்த வண்டிகளுக்கு, எலக்ட்ரானிக் பாகங்களையும் சேர்த்துக் காப்புத் தரும் கம்பெனி வாரண்டி கிடைத்தால் யோசிக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை:

1. கம்பெனியின் முதல் வாரண்டி இன்னும் பாக்கி உள்ளதா? சில கம்பெனிகள் புதிய வண்டிக்கு ஐந்தாண்டு வரை தருகின்றன. இருப்பதற்கே மறுபடி பணம் கட்டாதீர்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2. வாரண்டி தருபவர் யார்? கம்பெனியா, விற்கும் கடையா, மூன்றாம் ஆளா?

3. கடை வேலைக்கு ஓட்டினால் செல்லுமா? செல்லும் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

4. சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும்? அந்த இடம் நமக்கு எட்டுகிற தூரமா?

5. அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள்? கூலி சேர்த்தா, பாகம் மட்டுமா?

சட்டமும் கொஞ்சம்

வண்டி வாங்கியதும் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் வண்டிக்கு வாரண்டி கேட்டால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

எழுதிக் கொடுத்த வாரண்டியை மறுத்தால், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. சிறு கடைக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். வாரண்டிக்குக் கொடுத்திருக்கக் கூடிய தொகையை மாதம் 350 ரூபாயாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு வருகிறேன். ஓராண்டில் 4,200 ரூபாய் சேரும். வண்டி நன்றாக ஓடினால் பணம் என்னுடையது. பழுதானால் எந்த மெக்கானிக்கிடமும் போகலாம், பொடி எழுத்து படிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வண்டி வாங்கும்போது, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப்போய், இன்ஜின் சூடாகும் முன்பே ஸ்டார்ட் செய்து புகையைப் பார்க்கச் சொல்வேன். நாலாயிரம் ரூபாய்த் தாளைவிட அவருக்குத் தரும் சில நூறு ரூபாயே நல்ல வாரண்டி.

சரக்கைப் பார்த்து வாங்குவது நம் தொழில் தர்மம். வாரண்டியும் ஒரு சரக்கே. பார்த்து வாங்குவோம்!