பத்துப் பேர் என்றால் ராத்திரியில் எத்தனை பேர்?

உட்காருங்கள், டீ வரட்டும். பங்காருபாளையத்திலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். அங்கே வார்டு முழுக்க சிஸ்டர்கள். சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி கூப்பிட்டால் ஒருவர்தான் ஓடிவருகிறார். இதை யார், எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

கணக்கு படுக்கையிலிருந்து தொடங்குகிறது. 30 படுக்கை உள்ள சமூக சுகாதார நிலையத்துக்கு 10 ஸ்டாஃப் நர்ஸ் என்றது 2012-ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலை. மூன்று படுக்கைக்கு ஒருவர் என்று தோன்றும். அப்படியில்லை. ஓர் இடத்தில் இரவும் பகலும் ஒரு நர்ஸ் இருக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று வீதம் வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் பார்ப்பது 6 ஷிப்ட். அப்போதே மூன்றரை ஆள் ஆயிற்று. லீவு, பிரசவ விடுப்பு எல்லாம் சேர்த்தால் நான்கைத் தாண்டும். ஆக, பத்துப் பணியிடமும் நிரம்பியிருந்தாலும் ஒரு நேரத்தில் டூட்டியில் இருப்பது இரண்டு பேர். பிரசவ வலியோடு ஒரு பெண் வந்துவிட்டால் ஒருவர் அங்கே போவார். மொத்த வார்டும் மற்றவர் தலையில். தாமதமாக வந்தார் என்று அந்தச் சிஸ்டரைத் திட்டாதீர்கள்.

வார்டுக்கு வார்டு அளவும் மாறும். பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒருவர், ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு ஒருவர் என்று மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்தது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, யார் யார் என்பது. ஏ.என்.எம். எனும் துணை நர்ஸ்-மருத்துவச்சி இரண்டு வருடப் படிப்பு. தடுப்பூசி, கர்ப்பிணிப் பராமரிப்பு அவர்கள் களம். ஜி.என்.எம். எனும் நர்சிங் டிப்ளமா மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு. நல்ல நர்சிங் சூப்பரின்டெண்ட் புதியவர்களை மட்டும் நைட் டூட்டியில் விடமாட்டார். அனுபவசாலி ஒருவரைச் சேர்த்தே போடுவார். சி.எம்.சி.க்கு இது கொஞ்சம் சுலபம்: 1909-லேயே அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் நர்ஸ் பள்ளி தொடங்கினார், 1946-இல் பட்டப்படிப்பும் வந்தது.

செலவு குறைக்க, படித்த நர்ஸ் இடத்தில் பயிற்சியில்லாத பெண்களை நிறுத்தும் இடங்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி லிண்டா எய்க்கன் குழு ஆராய்ந்து 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, பட்டம் பெற்ற நர்ஸுகள் 10 சதவீதம் கூடினால் அதே 7 சதவீதம் குறைகிறது.

அடுத்த முறை வீட்டில் யாரையாவது சேர்க்கும்போது, ரூம் வாடகையோடு இதையும் கேளுங்கள்: ராத்திரி இந்த வார்டில் பதிவுபெற்ற நர்ஸ் எத்தனை பேர், அவர்கள் பார்க்கும் நோயாளிகள் எத்தனை பேர்?