உறங்கும் வண்டியும் உறங்காத பாட்டரியும்

திருப்பூரில் குளிர்காலம் உண்டா என்று கேட்டால் அந்த ஊர்வாசிகள் நம்மை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். மார்கழி விடியற்காலையில் தலையைச் சுற்றி ஒரு துண்டு. அதோடு குளிர்காலம் முடிந்தது. ஆனால் குளிர் தேசத்தாரின் உடம்புக்கு உடுப்பு தைத்து அனுப்புவது அந்த ஊரின் ஜீவனோபாயம். ஆகவே, பனியைக் கண்ணால் காணாவிட்டாலும், பனி விழும் மாதங்களைத் திருப்பூர்வாசிகள் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குளிர் தேசங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் பிறந்ததும் அதைக் கொட்டகைக்குள் விட்டு, போர்வை போர்த்தி, வசந்த காலம் வரையில் உறங்க வைத்துவிடுவார்கள். பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவும் உப்பு வண்டியின் இரும்பை அரித்துவிடும் அல்லவா? வண்டி உறங்கினாலும் அதன் பாட்டரி மட்டும் உறங்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்கென்று ஒரு சிறு சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள்.

“இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், திருப்பூர் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போகும் வரையில்.

நண்பர் பனியன் கம்பெனி முதலாளி. சொந்தமாகச் சாயப் பட்டறையும் உண்டு. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையோடு வாங்கியிருந்தார். அதற்கு முன்புறத்தில் சாமான் அறை, எஞ்ஜின் பின்புறத்தில். ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் அதைப் பட்டறையின் ஜெனரேட்டர் கொட்டகையில் ஓர் ஓரமாக விட்டுவிட்டு, வியாபார நிமித்தம் ஐரோப்பாவுக்குப் பிரயாணமானார். 75 நாள் கழித்து மார்கழியில் திரும்பி வந்து, நம்மையும் அழைத்துக் கொண்டு கொட்டகைக்குப் போனார்.

சாவியை அழுத்தினார். வண்டி மூச்சு விடவில்லை. பாட்டரி தீர்ந்து போயிருந்தது. சரி, வேறு பாட்டரியிலிருந்து கம்பி கொடுக்கலாம் என்றால், இதன் பாட்டரி முன்புற அறைக்குள் இருக்கிறது. அந்த அறையின் மூடியோ மின்சாரத்தால் திறப்பது! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

ஆள் அனுப்பி வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்தார் நண்பர். அவர் சிறிதும் பதறவில்லை. வண்டிக்குள் பியூஸ் பெட்டியில் இதற்கென்றே ஒரு முனை உண்டாம். அங்கே வெளி மின்சாரம் கொடுத்ததும் மூடி ‘டக்’கென்று திறந்துகொண்டது. மீட்டரை வைத்துப் பார்த்தார்.

“பாட்டரி நோவு வந்து விழலீங்க, முதலாளி. பட்டினி கிடந்து விழுந்திருக்குதுங்க” என்றார்.

பாட்டரிக்குப் பட்டினியா? அவர் விளக்கிய விஷயத்தை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

1859-ம் வருஷத்தில் காஸ்டன் பிளாண்டே என்னும் பிரெஞ்சுக்காரர் அமைத்த ஈயப் பாட்டரியின் தத்துவந்தான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. ஒரு பக்கம் ஈயத் தகடு. மறு பக்கம் ஈய ஆக்ஸைடு பூசிய தகடு. இடையில் கந்தகத் திராவகம். மின்சாரம் செலவாகும்போது இரு தகடுகளின் மேலும் ஈய ஸல்பேட் என்னும் உப்பு மெல்லியதாகப் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். வாரக்கணக்காக விட்டுவிட்டாலோ, கற்கண்டு போல் பெரிய பளிங்குகளாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது.

நின்ற வண்டியில் மின்சாரம் எப்படிச் செலவாகும்? நாம் இறங்கிப் பூட்டிய பிறகும் திருட்டு மணியும், சாவியின் குரலுக்குக் காது கொடுத்திருக்கும் கருவியும் விழித்துக் கொண்டுதான் இருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் குடிப்பதாக வைத்துக் கொள்வோம். அது அற்பந்தான். ஆனால் 75 நாளில் 1,800 மணி நேரம் இருக்கிறது. கணக்குப் போட்டால் 54 ஆம்பியர்-மணி! பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60 என்றால், மிச்சம் என்ன இருக்கும்? போதாததற்கு, பாட்டரி தனக்குள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கரைசல் ஏறக்குறைய இரட்டிக்கிறது. காலியான பாட்டரி குளிர் தேசத்தில் உறைந்து வெடித்துப் போகும். நம் தேசத்தில் உஷ்ணமே அதற்குச் சத்துரு.

2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். வாசலில் நின்றபடியே எத்தனை வண்டிகள் ஊமையாயின!

பரிகாரம் சுலபந்தான். 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறதென்றால், தானே அளவறிந்து அடங்கும் சார்ஜராக வாங்கி மாட்ட வேண்டும். அது முதலில் 14.4 வோல்ட் அளவில் நிரப்பிவிட்டு, பிறகு 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காவல் இருக்கும். பழைய மாதிரி சார்ஜரை நாட்கணக்கில் விட்டால் திராவகத்தின் நீர் வற்றிப் போகும். லிதியம் பாட்டரி உள்ள வண்டிக்கு அதற்கென்று செய்த சார்ஜரே வேண்டும். சார்ஜர் இல்லாதவர்கள் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைக்கலாம். ஆனால் மூடி மின்சாரத்தால் திறப்பதானால், அதைப் பூட்டிக் கொள்ளாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தினம் ஐந்து நிமிஷம் எஞ்ஜினை ஓடவிட்டு நிறுத்துவது வீண் வேலை. கிளப்புவதற்குச் செலவானதே சரியாகத் திரும்பாது.

திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு விசேஷ எச்சரிக்கைகளை அந்தப் பெரியவர் சொன்னார். நீர் ஊற்றும் பாட்டரியானால், காய்ச்சி வடித்த நீரைத் தவிர ஆழ்குழாய் நீரை ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். இரண்டாவது, சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பஞ்சுத் தூசி பறக்கும் கிடங்கில் ஒரு பொறி போதும். ஆகையால் காற்றோட்டமான இடத்திலேதான் சார்ஜ் செய்ய வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரியவர் கொட்டகையின் மறுகோடியிலிருந்த ஜெனரேட்டரிடம் போனார். அதைக் கிளப்பும் பாட்டரியில் மீட்டரை வைத்தார். 11.8 வோல்ட்!

“இதுவும் பட்டினிதானுங்க. சார்ஜர் பிளக்கை ஆரோ புடுங்கி உட்டிருக்காங்க” என்றார்.

நண்பரின் முகம் மாறியது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு மின்சாரம் நின்றபோது இந்த ஜெனரேட்டர் கிளம்பவில்லை. சாய யந்திரத்துக்குள் கொதிநீரில் ஓடிக்கொண்டிருந்த துணி ஓட்டமின்றி நின்று, மடிப்பு விழுந்து, திட்டுத் திட்டாகச் சாயம் ஏறி, முழு லாட்டும் பாழாயிற்று. ஆபரேட்டரின் அசிரத்தை என்று தீர்மானித்து, ஐரோப்பாவிலிருந்தே டெலிபோன் மூலம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார் நண்பர்.

பிளக்கைப் பிடுங்கியது யார்? புறப்படும் தினத்தன்று, மழை ஈரம் சிவப்புக் காரைத் தொடாமலிருக்க ஒரு மின்விசிறி ஓட வேண்டும் என்று சொல்லி, அந்தப் பிளக்கைப் பிடுங்கச் செய்தவர் சாக்ஷாத் நண்பரேதான்! வாரம் ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தையும், டீஸல் வீண் என்று முன்பே நிறுத்தியவர் அவர்தான். 2012-ம் வருஷத்தை ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தினம் பல மணி நேரம் ஓடியதால், ஜெனரேட்டரின் பாட்டரி தானாக நிறைந்திருந்தது. வெட்டு குறைந்த பிறகு யந்திரம் உறங்கிற்று. அதோடு பாட்டரியும் உறங்கிற்று.

நண்பர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு மின்விசிறியின் பிளக்கைத் தம் கையாலேயே பிடுங்கிவிட்டு, சார்ஜரை மாட்டினார்.

“அவர் வீடு எங்கேங்க இருக்குது?” என்று பெரியவரிடம் விசாரித்தார்.

“தாராபுரம் ரோட்டிலேங்க.”

அன்று மாலையே நண்பர் அங்கே போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, ஆபரேட்டரைத் திரும்ப அழைத்து வந்தார். எந்த வண்டியில் போனார் என்று நேயர்கள் கேட்கலாம். கணக்குப்பிள்ளையின் ஸ்கூட்டரில்தான். சிவப்புக் கார் அப்போது சார்ஜ் ஆகிக் கொண்டிருந்தது.